பூண்டு குப்பைக்கு, தோல் வாணலிக்கு

வாசகி கேள்வி:

அன்புள்ள மேடம், எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர், எட்டாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். 'உனக்குக் காமன்சென்ஸே கிடையாது' என்பதுதான் இப்போது வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டம். காரணம் இல்லாமலும் இல்லை.

காலை 8.15-க்குப் பள்ளி வேன் வந்துவிடும். அந்த அவசரத்தில் ஒருநாள் பூண்டை உரித்து, தோலை வாணலியில் போட்டுவிட்டு, பூண்டைக் குப்பைக்கூடையில் போட்டேன். இன்னொரு நாள் பால் பாக்கெட்டை வெட்டி, பாலை சிங்க்கில் ஊற்றிவிட்டு, வெறும் கவரோடு நின்றேன். டிபன் கட்டும் நேரத்தில் மாமியார், 'அந்த மாவை எடுத்து அதுல கொட்டிரு' என்றார். கடலை மாவை எடுத்து அரிசி மாவு டப்பாவில் கொட்டிவிட்டேன். அதே போலக் காலையில் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டே, 'என் போனைக் காணோம்டி, ஒரு ரிங் விடு' என்றேன். அவளும் 'சரிக்கா, இரு' என்று கட் பண்ணிவிட்டு ரிங் விட்டாள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குக் கிளம்பியவள், ஸ்கூட்டியை ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வாட்ச்மேன் அண்ணன் பதறிப்போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

கணவர் தன் நண்பர் வீட்டு வளைகாப்பு 'அடுத்த வெள்ளி' என்று சொன்னார். நானும் மாமியாரும் ஒரு வாரம் முன்னாடியே அதே மண்டபத்துக்குப் போய்விட்டோம். அங்கேயும் ஒரு வளைகாப்பு நடந்தது. முன்பின் பார்த்திராத பெண்ணுக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, பந்தியிலும் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெண்ணின் அம்மா சிரித்துவிட்டு, ஐந்து வகை சாதத்தையும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். கணவர் எடுத்த டிக்கெட்டில் ஞாயிறு தேதி, 00.20 மணி என்று இருந்தது. ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், வண்டி முந்தின ராத்திரியே போயிருந்தது. 'நீயாவது பார்த்திருக்கக் கூடாதா' என்றார்.

மகன் இதையெல்லாம் 'அம்மா வாங்கின பல்பு' என்று நம்பர் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறான். போன வாரம் 43-வது பல்பு. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மகள் சுற்றுலா ஃபாரத்தை அப்பாவிடம் கொடுத்து, 'அம்மாகிட்ட வேண்டாம், மறந்துடுவாங்க' என்று சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆபீஸ் கணக்கில் இதுவரை ஒரு தப்புகூட வந்ததில்லை. எனக்கு அறிவு குறைவா? மறதி நோய் ஆரம்பிக்கிறதா? எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பயத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பது மறதி நோயின் அடையாளமாகத் தெரியவில்லை. அந்த நோயில் கேட்ட கேள்வியையே கேட்டது தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வருஷக்கணக்காகப் போய்வந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பார்கள். பழகிய வேலை, முக்கியமாகப் பணக் கணக்கு, தடுமாறும். பெரும்பாலும் அவர்களைவிடக் கூட இருப்பவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள். நீங்களோ ஒவ்வொரு தப்பையும் நீங்களே உடனே கண்டுபிடித்திருக்கிறீர்கள். தங்கை என்ன சொன்னாள், வாட்ச்மேன் என்ன செய்தார், எத்தனை வகை சாதம் கட்டிக் கொடுத்தார்கள் என்பதுவரை நினைவில் வைத்து எழுதியிருக்கிறீர்கள்.

ஆனாலும் உங்கள் குடும்ப டாக்டரை ஒருமுறை பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தத்தில் ஹீமோகுளோபின், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் எது குறைந்தாலும் கவனம் சிதறும், களைப்பு வரும். சரிசெய்யக் கூடியவைதான். உங்கள் வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாற ஆரம்பித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது பல்புகளுக்கு வருவோம். கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரத்தை எழுதிப் பார்த்தேன். பூண்டு, பால், மாவு, போன், நான்கும் காலையில், வேன் வருவதற்கு முன்னால் நடந்தவை. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா? ஒரு அடுப்பில் குழம்பு, இன்னொன்றில் தோசை. மகளுக்குச் சடை. மாமியாருக்கு மாத்திரை. தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, டேங்க் நிறைந்தால் நிறுத்த வேண்டும். நடுவில் 'அம்மா, என் சாக்ஸ் எங்கே?' இத்தனையையும் ஒரே தலை பார்க்கிறது. ஆபீஸ் போனதும் அதே தலை கணக்கை மட்டும் பார்க்கிறது, ஒரு பைசா தப்புவதில்லை. இரண்டு மணி நேர இடைவெளியில் ஒருவருக்கு அறிவு குறைந்து மறுபடி கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் மாறியது உங்கள் தலைமேல் இருந்த சுமை.

பூண்டு விஷயத்தில் உங்களுக்குப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், 1970-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தார். டீ கெட்டில் மூடி திறந்து தயாராக இருந்தது. பக்கத்தில் பூனை பசியில் கத்தியது. பூனைக்கான உணவு டின்னைத் திறந்து, கரண்டி நிறைய எடுத்து, டீ கெட்டிலுக்குள் போட்டுவிட்டார். ஒரு பாத்திரம் வாய் திறந்து இருக்கிறது, ஒரு கையில் கரண்டி இருக்கிறது. இரண்டு வேலையின் அசைவும் ஒன்றுபோல இருந்ததால் கை இடம் மாறிவிட்டது. அவர் அதைச் சிரித்துவிட்டு விடவில்லை. மனிதத் தவறுகளைப் பற்றிய ஆராய்ச்சியையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். விமானப் போக்குவரத்திலும் மருத்துவமனைகளிலும் விபத்தைத் தடுக்க இன்று பயன்படும் பல யோசனைகள் அவருடையவை.

பூண்டு உரிக்கும்போதும் அதேதான். வலது பக்கம் வாணலி, இடது பக்கம் குப்பைக்கூடை, கையில் இரண்டு பொருள். நூறு முறை செய்த வேலையென்பதால் மூளை அதைக் கைக்கே விட்டுவிட்டு மோட்டாரைப் பற்றி யோசிக்கப் போய்விடுகிறது. டொனால்ட் பிராட்பென்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், அன்றாடக் கவனக்குறைவை அளக்க 1982-இல் 25 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி, வேண்டியதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேண்டாததை வைத்துக்கொண்டது உண்டா என்பது. தீப்பெட்டியை எறிந்துவிட்டு எரிந்த குச்சியைப் பையில் போட்டுக்கொள்வதை உதாரணமாகக் கொடுத்திருந்தார்கள். உங்கள் பாலும் பூண்டும் அந்தக் கேள்விக்கு அப்படியே பொருந்துகின்றன. பலருக்கும் நடக்காத ஒன்றாக இருந்தால் அதைக் கேள்வியாகவே வைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு 'கவனமாக இரு' என்ற அறிவுரை உதவாது. பொருள் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். குப்பைக்கூடையை மேடையிலிருந்து இறக்கிக் கீழே வையுங்கள். குனிந்து போட வேண்டியிருந்தால் கை தானாகப் போகாது. பூண்டு, சின்ன வெங்காயத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் டிவி முன்னால் உட்காரும்போது ஒரு வாரத்துக்கு உரித்து பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எல்லோரும் என்றால் மகனும் கணவரும் சேர்த்துத்தான்.

ஸ்கூட்டி ஆபீஸுக்குப் போனதும் கையின் பழக்கம்தான். விருந்துக்குக் கிளம்ப உடை மாற்ற அறைக்குள் போய், போட்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் படுக்கையில் ஏறிவிடுகிறவர்களைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதியிருக்கிறார். சந்தைக்கும் ஆபீஸுக்கும் முதல் பாதி வழி ஒன்றாக இருக்க வேண்டும், அப்படித்தானே? பிரியும் இடத்தில் அரை நிமிஷம் மனம் வேறெங்கோ இருந்தால், வண்டி வாரத்தில் ஆறு நாள் போகும் பக்கம் திரும்பிவிடும். வழக்கத்தை விட்டு வேறு இடத்துக்குப் போகும் நாளில், சந்தைப் பையைக் காலடியில் வைக்காமல் கண்ணில் படுகிற மாதிரி ஹேண்டிலில் மாட்டிக்கொள்ளுங்கள். போன் விஷயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் தங்கையும் சேர்ந்து ரிங் விட்ட பிறகு அதில் உங்களை மட்டும் எப்படிச் சொல்வது?

மாவும் வளைகாப்பும் ரயிலும் வேறு வகை. இவற்றை உங்கள் தப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததை ஒருவர் பெயரில் எழுதிவிட்டார்கள்.

'அந்த மாவை எடுத்து அதுல கொட்டிரு' என்ற வாக்கியத்தை மறுபடி படியுங்கள். எந்த மாவு? எதில்? தமிழில் நாம் பேசும்போது பாதியைச் சொல்லாமல் விடுவது வழக்கம். 'வந்தாச்சா?' என்று ஒருவர் கேஸ் சிலிண்டரைக் கேட்பார், 'வந்தாச்சு' என்று மற்றவர் பிள்ளையைச் சொல்வார், இருவரும் நிம்மதியாகப் போனை வைப்பார்கள். மாமியார் மனதில் டப்பா, அது இருக்கும் தட்டு, அதன் மூடியின் நிறம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அதனால் தான் சொன்னதிலும் அது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றும்.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் பாடிக்கொண்டே மேஜையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கேட்டவர்கள் சொன்னது மூன்றே மூன்று. தட்டுகிறவரின் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்குக் கிடைப்பது டொக் டொக் சத்தம் மட்டும். இதை இன்று ராத்திரி வீட்டில் செய்து பாருங்கள். முதலில் மாமியார் தட்டட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு 'அதுல' என்று சொல்லும்போது அவரே ஒரு நொடி நின்று டப்பாவைக் காட்டுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

'அடுத்த வெள்ளி'யும் இப்படித்தான். செவ்வாய்க்கிழமை அன்று சொன்னால், சிலருக்கு அது மூன்று நாளில் வரும் வெள்ளி. வேறு சிலருக்கு, மூன்று நாளில் வருவது 'வர்ற வெள்ளி'. அடுத்த வெள்ளி அதற்கும் அப்புறம். இரண்டுமே நல்ல தமிழ்தான், எவரும் தப்பாகப் பேசவில்லை. கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்வதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

ரயில் விஷயம் எனக்கு மிகவும் தெரிந்தது. நன்றாகப் படித்தவர்களே வருஷா வருஷம் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ரயில்வேக்கு நள்ளிரவு 00.00 மணிக்குத் தேதி மாறிவிடும். நமக்கு அப்படி மாறுவதில்லை. பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை. சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்து தண்ணீர் குடிக்கிற ஒருவரை எழுப்பி இன்று என்ன கிழமை என்று கேட்டால், சனிக்கிழமை என்றுதான் சொல்வார். அதனால் 'ஞாயிறு 00.20' என்று படித்ததும் மனம் அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்று எடுத்துக்கொள்கிறது. வண்டியைப் பிடிக்கச் சனிக்கிழமை ராத்திரியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இனிமேல் 00 என்று தொடங்கும் டிக்கெட் எடுத்தால், எடுத்தவர் உடனே 'சனி ராத்திரி 11 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்' என்று காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதிவிடட்டும். வண்டி நேரத்தை எழுத வேண்டாம், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள்.

அந்த டிக்கெட்டை எடுத்தவர் உங்கள் கணவர். அதைக் குடும்பத்தில் ஐந்து பேரும் நம்பினீர்கள். அது அவர் பெயரில் பல்பாகப் பதிவாகவில்லை, 'நீயாவது பார்த்திருக்கக் கூடாதா' என்று உங்களிடம் வந்து சேர்ந்தது. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒருவரைக் கவனமில்லாதவர் என்று முடிவு செய்துவிட்டால், வீட்டில் நடக்கும் எல்லாத் தவறும் அவர் கணக்கில் போய் விழும். மற்றவர்களுடையது விழுந்த இடம் தெரியாமல் போகும். 43 வரை எண்ணிய மகன், அப்பாவுடையதை எண்ணியிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பேச்சில் வரும் குழப்பத்துக்கு மருந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. இந்தப் பழக்கத்தின் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒரு விமானத்திலிருந்து, 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்று பொருள்படும் ஒரு வாக்கியம் போனது. கிளம்பிவிட்டோம் என்று அவர்கள் சொன்னது, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்டது. அந்த விமானத்தின் தலைமை விமானி, தன் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர். அவருக்கு அறிவு குறைவு என்று யார் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்வதையும் கண்டிப்பாக்கினார்கள். உங்கள் சமையலறையில் இது ஒரு வரி: 'கடலை மாவை இந்தப் பச்சை மூடி டப்பாவிலதானே அத்தை?' கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கேஸ், மோட்டார், கதவுப் பூட்டு, இந்த மூன்றுக்கும் இன்னொரு வழி சொல்கிறேன். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டு அதன் நிலையைச் சொல்வார்கள். 1994-இல் அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தபோது, 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிக்காட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. கையும் கண்ணும் வாயும் ஒரே பொருள்மேல் வந்து நின்றால் மனமும் அங்கே வந்துவிடும். வீட்டை விட்டு இறங்கும்போது அடுப்பைக் காட்டி 'கேஸ் மூடியாச்சு' என்று சத்தமாகச் சொல்லுங்கள். பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி ஓடிவருவது குறையும். மகளையே சொல்லச் சொல்லலாம், அவளுக்குப் பிடிக்கும்.

மகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். ஐந்தாவது படிக்கிற குழந்தை, வீட்டில் தினமும் கேட்பதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளை உட்கார வைத்து, 'நீ அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமா இருந்துச்சு. உன் ஃபாரத்தை என்கிட்டயே குடு, நான் உன் முன்னாடியே கையெழுத்துப் போட்டு உன் பையில வைக்கறேன்' என்று சொல்லுங்கள். அடுத்த ஃபாரம் வரும்போது அப்படியே செய்யுங்கள். நான்கு முறை நடந்துவிட்டால் அவள் மனதில் இருப்பது மாறும்.

மகனிடமும் கணவரிடமும் வேறு பேச்சு பேச வேண்டும். சிரிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். பூண்டுத் தோல் கதைக்குச் சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்? உங்கள் கடிதத்திலேயே நீங்களும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பது தெரிகிறது. ஆனால் ஒரு விதி வேண்டும்: யாருடைய பல்போ அவர்தான் அதைச் சொல்ல வேண்டும். அம்மாவுடையதை அம்மா சொல்வாள், அப்பாவுடையதை அப்பா சொல்வார். ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம், குரூப்பில் போடுவதாக இருந்தால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். எண் போடுவது இன்றோடு நிற்கட்டும். ஒருவர் நம்மைக் கவனித்து எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், வேலையில் இருக்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு அவரைக் கவனிக்கப் போய்விடும். 44-ஐ வரவழைப்பதே அந்த எண்ணிக்கையாக இருக்கலாம். இதைக் கணவரிடம் தனியாக, ரயில் டிக்கெட்டைப் பற்றிய பேச்சு இல்லாமல், ஒரு அமைதியான நேரத்தில் சொல்லுங்கள். அப்புறம் காலை வேலையில் இரண்டை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேளுங்கள். மோட்டாரும் மாமியாரின் மாத்திரையும் என்று நான் சொல்வேன், ஏனென்றால் இரண்டும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டியவை, அவைதான் உங்கள் மனதை அடுப்பிலிருந்து இழுக்கின்றன.

குரூப்பில் இருக்கும் உறவினர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சங்கடம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். உங்கள் பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் 17-வது பல்பு என்ன என்று இன்று கேட்டால் தெரியாது.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். இரண்டு மாதம் ஒரு காலண்டரில், தப்பு நடந்தால் அதன் நேரத்தையும் அப்போது கையில் எத்தனை வேலை இருந்தது என்பதையும் மட்டும் குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள். அந்த முன்பின் தெரியாத வளைகாப்புப் பெண்ணுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.